கால்தளையும் கற்பனை எண்ணும்

1

சென்ற பருவத்தில் ஒரு நாள் இயற்பியல் இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்திக்கொண்டிருந்தோம். பாடம் அணியிலக்கணம். இயல்பாக நிகழும் ஒன்றின் மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதைக் கற்பனை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

"ஐயா, கற்பனைன்னா இல்லாததுதானே? எங்க பேப்பர்ல கற்பனை எண்ணுன்னு ஒண்ணு வருது. அதை வச்சுத்தான் ஏசி கரண்டுக்குக் கணக்குப் போடச் சொல்றாங்க. இல்லாததை வச்சு இருக்கிறதை எப்படிங்கய்யா கணக்குப் போட முடியும்?"

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இதே கேள்வியின் வேறொரு வடிவம் நம் தொண்டைவரை வந்து நின்றுபோன நாள் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வர்க்கமூலச் சூத்திரத்தை எழுதி, "இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க, அஞ்சு மார்க் நிச்சயம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். 30 ஓமும் 40 ஓமும் சேர்ந்தால் ஏன் 70 ஆகாமல் 50 ஆகிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் நாம் தமிழிலக்கியம் படிக்கச் சென்றதற்குத் தமிழ்மேல் இருந்த பற்று மட்டுமே காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறோம். அது முழு உண்மையன்று.

கேட்ட மாணவருக்கு அந்தத் தாளில் அரியர் இருப்பதாகப் பின்னர் அறிந்தோம். ஒரு மாதம் அவகாசம் கேட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனோம். அங்கே கிடைத்தது நாம் எதிர்பார்த்திராத ஒரு கதை. பெயரிடுதலைப் பற்றிய கதை அது. ஆகவேதான் இலக்கிய வாசகர்கள் கூடும் இவ்விடத்தில் அதைச் சொல்லத் துணிகிறோம். இடையிடையே சில எண்கள் வரும், நண்பர்கள் பொறுத்தருள்க. நான்கு வினைகளும் ஒரு செங்கோண முக்கோணமும் தெரிந்திருந்தால் போதும்.

2

கதை மின்சாரத்துக்கு மிக முன்பாகவே தொடங்குகிறது. 1545ஆம் ஆண்டு மிலான் நகரத்து மருத்துவரும் கணிதருமான கர்டானோ, 'ஆர்ஸ் மாக்னா' என்ற நூலை வெளியிட்டார். அதில் ஒரு சிறு புதிர் வருகிறது. பத்தை இரண்டு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். அவ்விரண்டையும் பெருக்கினால் 40 வரவேண்டும். முயன்று பாருங்கள். ஐந்தும் ஐந்துமாகப் பிரித்தாலே 25தான் வரும். அதற்கு மேல் போகாது. ஆனால் விதிப்படி கணக்கைச் செய்துகொண்டே போனால் ஒரு விடை வந்து நிற்கிறது: ஐந்துடன் மைனஸ் 15இன் வர்க்கமூலத்தைக் கூட்டியது ஒன்று, கழித்தது மற்றொன்று. கூட்டினால் பத்து, பெருக்கினால் நாற்பது. விடை சரி. ஆனால் எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் மைனஸ் வராதே! கர்டானோ இதை நுட்பமானது, ஆனால் பயனற்றது என்று எண்ணி அப்பால் நகர்ந்தார்.

1572இல் பொம்பெல்லி என்ற இத்தாலியர் இந்த விசித்திர எண்களைக் கூட்டவும் பெருக்கவும் ஒழுங்கான விதிகளை வகுத்தார். அவர் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் பணியில் ஈடுபட்டிருந்த பொறியாளர் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் 1637இல் தெக்கார்த் இவ்வகை மூலங்களுக்குக் 'கற்பனை' என்ற அடைமொழியைச் சூட்டினார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மெய்யெண்கள் ஒருபுறம், கற்பனை எண்கள் மறுபுறம். இரண்டும் கலந்தவற்றைத் தமிழகப் பாடநூல்கள் கலப்பெண் என்கின்றன. இலங்கைத் தமிழர் சிக்கலெண் என்பர். மாணவரைக் கேட்டால் இலங்கைச் சொல்லே பொருத்தம் என்பார்.

இந்த எண்ணுக்கு ஓர் இருப்பிடம் தந்தவர் வெஸ்ஸல் என்ற நார்வே நாட்டு நில அளவையர். 1797இல் டென்மார்க்கின் அறிவியற் கழகத்தில் அவர் தம் கருத்தை முன்வைத்தார். எண்கோட்டில் கிழக்கு நோக்கி ஓர் அடி நிற்கிறது என்று கொள்வோம். அதை மைனஸ் ஒன்றால் பெருக்கினால் மேற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. அதாவது அரைச் சுற்று. அப்படியானால் இரண்டு முறை பெருக்கினால் அரைச் சுற்று ஆகும் எண் எது? ஒரு முறைக்குக் கால் சுற்று திருப்பும் எண். கிழக்கிலிருந்து வடக்கு, வடக்கிலிருந்து மேற்கு. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் என்பது இதுதான்: 'இடப்புறம் திரும்பு' என்ற ஒரு கட்டளை. நிலம் அளப்பவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. அவருடைய கட்டுரை 1799இல் அச்சாகி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1806இல் பாரிசில் ஆர்கான் என்பவர் அதே கருத்தைத் தனியே கண்டடைந்தார்.

எண்ணுக்கு இருப்பிடம் கிடைத்துவிட்டது; வேலை மட்டும் கிடைக்கவில்லை.

3

வேலை கொடுக்கப்போகும் மின்சாரம் வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1827இல் ஓம் தம் விதியை வெளியிட்டார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். 1831இல் பாரடே, காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று நோக்கி அசையும்போது மின்சாரம் பிறப்பதைக் கண்டார். அவ்வாறு பிறக்கும் மின்சாரம் இயல்பிலேயே திசைமாறி ஓடுவது. அடுத்த ஆண்டு பிக்சீ என்பவர் பாரிசில் செய்த மின்னாக்கி இப்படி முன்னும் பின்னுமாகத்தான் மின்சாரம் தந்தது. அதைக் குறையாகக் கருதி, ஒரே திசையில் ஓடச் செய்யும் ஓர் உறுப்பையும் அதனுடன் பொருத்தினார்கள்.

1882 செப்டம்பரில் எடிசன் நியூயார்க்கில் தொடங்கிய மின்நிலையமும் நேர்திசை மின்னோட்டத்தையே தந்தது. அதன் எல்லை ஏறத்தாழ ஒரு மைல். அதற்கு மேல் போனால் கம்பியிலேயே மின்சாரம் கரைந்துவிடும். தொலைவுக்கு அனுப்ப வேண்டுமானால் மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, வீட்டு வாசலில் தாழ்த்த வேண்டும். அதைச் செய்யவல்ல மின்மாற்றி, நாம் டிரான்ஸ்ஃபார்மர் என்று தெருமுனையில் காண்பது, மாறுதிசை மின்னோட்டத்துக்கே பணியும். 1885இல் புடாபெஸ்டிலும் 1886இல் அமெரிக்காவின் கிரேட் பேரிங்டனிலும் அது நடைமுறைக்கு வந்தது. (மாறுதிசை மின்னோட்டத்தை இலங்கைத் தமிழர் ஆடலோட்டம் என்கின்றனர். ஊஞ்சலைப் போல் ஆடி ஓடுவது. அழகான சொல், நாம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.)

ஆனால் ஆடலோட்டத்தில் ஓமின் விதி பொய்த்தது. கம்பியைச் சுருளாகச் சுற்றினால், அதன் மின்தடை சொற்பமாக இருந்தும் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்தது. ஒரு சுருளையும் ஒரு மின்தேக்கியையும் தொடராக இணைத்தால் அவற்றின் முனைகளில், வந்த மின்னழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தம் காட்டியது. லண்டனுக்கு வெளியே டெப்ட்ஃபோர்டில் 10,000 வோல்ட் நிலையம் ஒன்றை எழுப்பிய ஃபெர்ரான்டி, நீண்ட புதைகம்பியை இணைத்தபோது மின்னழுத்தம் குறைவதற்குப் பதிலாக உயர்வதைக் கண்டார். இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. வாய்க்காலின் தலைமடையைவிடக் கடைமடையில் நீர் உயர்ந்து நிற்பதைப் போன்ற விந்தை அது.

காரணம் இதுதான். சுருள், திருவிழாத் தேரைப் போன்றது. நின்ற தேரை நகர்த்துவதும் கடினம், நகரும் தேரை நிறுத்துவதும் கடினம். அழுத்தம் உச்சத்தை அடைந்த பின்னரே சுருளில் ஓட்டம் உச்சத்தை அடைகிறது. கால் சுற்று பிந்துகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஆடுகிறது. ஆகவே கால் சுற்று என்பது நொடியில் இருநூறில் ஒரு பங்கு. மின்தேக்கியில் இதற்கு நேரெதிர். அங்கே ஓட்டம் கால் சுற்று முந்துகிறது. முந்துவதும் பிந்துவதும் கலந்த சுற்றில் எல்லாவற்றையும் எப்படிக் கூட்டுவது? 1880களில் சிலர் ஒவ்வொரு கணத்துக்கும் சமன்பாடு எழுதிப் பக்கம் பக்கமாக நுண்கணிதம் செய்தனர். பிளேக்ஸ்லி போன்றோர் அம்புக்கோடுகள் வரைந்து, அளவுகோலால் அளந்து விடை கண்டனர். சுற்றுச் சற்றுப் பெரிதானால் இரண்டு வழிகளுமே களைத்துவிடும்.

4

இங்கே நம் கதைக்குள் ஒரு செவிப்புலன் குன்றியவர் வருகிறார். ஆலிவர் ஹெவிசைட் 1850இல் லண்டனின் கேம்டன் டவுனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் வந்த காய்ச்சல் அவருடைய கேட்கும் திறனைப் பெரிதும் பறித்துக்கொண்டது. பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. சில ஆண்டுகள் தந்தித்துறையில் பணியாற்றினார். 1874இல் அதையும் விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டு அறையில் அமர்ந்து, மாக்ஸ்வெல்லின் மின்காந்த நூலைத் தாமே கற்றார். இன்று மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று நான்கு வரிகளில் நாம் காண்பது அவர் சுருக்கித் தந்த வடிவத்தையொட்டியது. பல்கலைக்கழகத்துக்கே போகாதவர்!

அவர் ஒரு சொல்லாக்கரும் ஆவார். 'எலக்ட்ரீஷியன்' என்ற வார இதழில் தொடர்ந்து எழுதிவந்த அவர், 1886இல் இரண்டு சொற்களைத் தந்தார். சுருளின் தேர்க்குணத்துக்கு 'இண்டக்டன்ஸ்'. ஆடலோட்டத்தைச் சுற்று எதிர்க்கும் மொத்த எதிர்ப்புக்கு 'இம்பீடன்ஸ்'. இரண்டாவது சொல்லின் வேர் லத்தீனத்தில் இருக்கிறது. பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. காலைக் கட்டுதல், காலில் விலங்கிடுதல் என்பது அதன் பழம்பொருள்.

நம் பாடநூல்கள் இதை மின்மறுப்பு, மின்னெதிர்ப்பு என்றெல்லாம் வெவ்வேறாக எழுதிவந்துள்ளன. இரண்டிலும் பிழையில்லை. ஆயினும் அந்த வேர்ச்சொல்லைப் படித்த கணத்தில் நம் மனத்தில் எழுந்த சொல் 'தளை'. காலில் பூட்டும் விலங்குக்குத் தளை என்று பெயர். யாப்பிலோ, நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்தும் முறைக்குத் தளை என்று பெயர். இம்பீடன்சும் அவ்விரண்டுமேதான். ஓட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது அதன் ஒரு பகுதி. அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே எது முந்தும், எது பிந்தும், எவ்வளவு என்ற பொருத்தத்தைச் சொல்வது மறுபகுதி. அளவு, பொருத்தம் என்ற இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டும் என்று ஹெவிசைட் கண்டதே பெரிய பாய்ச்சல். கலைச்சொல்லைத் திருத்த நமக்கு உரிமையில்லை. இருந்தாலும் இக்கட்டுரை முடியும்வரை தளை என்றே எழுத அனுமதி வேண்டுகிறோம்.

தொலைபேசிக் கம்பியில் ஒலி சிதையாமல் செல்ல இண்டக்டன்சைக் கூட்ட வேண்டும் என்று 1887இல் ஹெவிசைட் காட்டினார். பிரித்தானிய அஞ்சல் துறையைச் சேர்ந்த ப்ரீஸ் அதை ஏற்கவில்லை. பின்னாளில் அதே கருத்து அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. காப்புரிமைப் பணம் பூப்பினுக்குச் சென்றது. 1891இல் ராயல் சொசைட்டி ஹெவிசைட்டை உறுப்பினராக்கியது. ஆனால் வறுமையும் தனிமையும் அவரை விடவில்லை. 1925 பிப்ரவரியில் டார்க்கேயில் இறந்தார்.

5

1893 ஏப்ரலில் நியூயார்க்கில், அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் 'இம்பீடன்ஸ்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரையைப் படித்தார் ஆர்தர் கென்னலி. பம்பாய் கொலாபாவில் 1861இல் பிறந்த இவர், எடிசனின் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். 1888இல் ஆடலோட்டத்தை உயிர்க்கொல்லி என்று காட்டுவதற்காக எடிசனின் ஆய்வகத்தில் விலங்குகள்மேல் அதைச் செலுத்திப் பார்த்த சோதனைகளில் துணைநின்றவரும் இவரே. அச்சோதனைகள் 1890 ஆகஸ்டில் முதல் மின்நாற்காலி மரணதண்டனை வரை சென்றன. அதே கென்னலிதான், ஆடலோட்டக் கணக்குகள் அனைத்தையும் ஓமின் விதியைப் போலவே எளிதாகச் செய்துவிடலாம், தளையைக் கலப்பெண்ணாக எழுதினால் போதும் என்று காட்டினார். வரலாறு சிலவேளை நாவலாசிரியர்களை நாணச் செய்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி மின்னியலாளர் பன்னாட்டு மாநாடு கூடியது. அங்கே இதே வழியை முழு முறையாக விரித்துரைத்தவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். 1865இல் அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவில் பிறந்தவர். பிறவியிலேயே முதுகு கூனியவர். நான்கடி உயரமே இருப்பார். தந்தைக்கும் அதே கூன். இக்குறை தம்மோடு முடியட்டும் என்று எண்ணி மணம் செய்துகொள்ளவில்லை. பின்னாளில் தம் உதவியாளர் ஒருவரை மகனாகத் தத்தெடுத்து, அவர் பிள்ளைகளுக்குத் தாத்தாவாக வாழ்ந்தார். கல்லூரித் தோழர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் புரோட்டியஸ்: ஹோமரின் காவியத்தில் நினைத்த உருவெல்லாம் எடுக்கும் கடற்கிழவன்.

மாணவப் பருவத்தில் சோசலிசப் பத்திரிகையில் பணியாற்றியதால் பிஸ்மார்க்கின் ஆட்சியில் கைதாகும் நிலை வந்தது. 1888இல் முனைவர் பட்டம் கைக்கெட்டும் தறுவாயில் சூரிச்சுக்குத் தப்பினார். 1889இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, கூனலும் வெறுங்கையும் ஆங்கிலம் அறியாத நாவும் கண்ட அதிகாரிகள் அவரைத் திருப்பியனுப்பவே எண்ணினர். உடன்வந்த நண்பர் பொறுப்பேற்றுப் பேசியதால் உள்ளே விட்டனர். அன்று கப்பல் அவரைத் திரும்பச் சுமந்து சென்றிருந்தால்? வரலாற்றில் 'இருந்தால்' என்ற கேள்வி கூடாது என்பர். ஆயினும் அந்தத் துறைமுக வரிசையை நினைக்காமல் அவருடைய கணக்கைப் படிக்க நம்மால் முடியவில்லை. இன்றும் உலகின் துறைமுகங்களில் அத்தகைய வரிசைகள் நிற்கின்றன.

அமெரிக்கா வந்த சில ஆண்டுகளிலேயே, காந்த இரும்பில் வெப்பமாக வீணாகும் ஆற்றலைக் கணக்கிடும் விதியை வெளியிட்டுப் புகழ்பெற்றார். அவர் பணியாற்றிய சிறு நிறுவனத்தை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியபோது அவரும் அங்கே சென்றார். 1894 முதல் ஷெனெக்டடி நகரம் அவருடைய ஊராயிற்று. கோடையில் மோஹாக் ஆற்றங்கரைக் குடிலில் தங்குவார். ஓடத்தின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, நீரில் மிதந்தபடியே கணக்கிடுவார். கடைசிவரை சோசலிஸ்டாகவே இருந்தார். நகரக் கல்விக் குழுவின் தலைவராகப் பணிபுரிந்தார். 1923 அக்டோபரில் மறைந்தார்.

6

அவர்கள் காட்டிய வழியை இனி நாமே நடந்து பார்ப்போம். அரியர் வைத்த மாணவரும் நாமும் ஆசிரியர் அறையில் அமர்ந்து போட்ட கணக்கு இது.

230 வோல்ட் ஆடலோட்டம். சுற்றில் 30 ஓம் மின்தடை. அதனுடன் தொடராக ஒரு சுருள், அதன் மறுப்பு 40 ஓம். மின்தடை ஓட்டத்தைக் குறைக்கும், திசை திருப்பாது. ஆகவே அது கிழக்கு நோக்கி 30 அடி. சுருள் கால் சுற்றுத் திருப்பும்; ஆகவே வடக்கு நோக்கி 40 அடி. கால் சுற்றைக் குறிக்கப் பொறியாளர்கள் 'ஜே' என்ற எழுத்தைப் பயன்படுத்துகின்றனர். கணிதர் வழங்கும் 'ஐ' அவர்களுக்கு மின்னோட்டத்தின் குறியாகிவிட்டதால் அடுத்த எழுத்துக்குப் போனார்கள். ஆக, தளை 30 + ஜே40. கிழக்கே 30, வடக்கே 40 நடந்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருப்பார்? 900உம் 1600உம் சேர்ந்து 2500, வர்க்கமூலம் 50. எழுபது ஏன் ஐம்பதாயிற்று என்பதற்கு விடை இவ்வளவே. இரண்டும் ஒரே திசையில் நடக்கவில்லை.

230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். ஆனால் இது அளவு மட்டுமே. பொருத்தமும் வேண்டுமானால் 230ஐ 30 + ஜே40ஆல் முழுதாக வகுக்க வேண்டும். மேலும் கீழும் 30 - ஜே40ஆல் பெருக்கினால் கீழே 2500 வருகிறது, ஜே மறைந்துவிடுகிறது. விடை 2.76 - ஜே3.68. ஓட்டம் இரண்டு கூறுகளாகப் பிரிந்துவிட்டது. அழுத்தத்தோடு ஒத்து நடப்பது 2.76 ஆம்பியர், கால் சுற்றுப் பிந்தி நடப்பது 3.68 ஆம்பியர்.

அடுத்து திறன். 230 வோல்ட்டை 4.6 ஆம்பியரால் பெருக்கினால் 1058. ஆனால் வாட்மீட்டர் அதைக் காட்டாது. அழுத்தத்தோடு ஒத்து நடக்கும் கூறுதான் வேலை செய்கிறது: 230 பெருக்கல் 2.76, அதாவது 634.8 வாட். வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: 4.6இன் வர்க்கம் 21.16, அதை 30ஆல் பெருக்கினால் அதே 634.8. மின்தடையில் வெப்பமாவது இதுவே. 634.8ஐ 1058ஆல் வகுத்தால் 0.6, இதற்குத் திறன் காரணி என்று பெயர்.

"அப்ப மீதி எங்கய்யா போச்சு?" என்றார் மாணவர். நல்ல கேள்வி. 3.68 ஆம்பியரின் பங்கு, 230ஆல் பெருக்க 846.4. அது எங்கும் போகவில்லை. ஒரு கால் சுற்றில் சுருள் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கிறது. அடுத்த கால் சுற்றில் அதைக் கம்பிக்கே திருப்பித் தருகிறது. போவதும் வருவதுமாக நிகரம் சுழியம். ஆனால் வேலை செய்யாத அந்த ஓட்டத்தையும் கம்பி சுமந்தாக வேண்டும், சுமக்கும்போது சூடேற வேண்டும். ரியாக்டிவ் பவர் என்று மின்வாரியத்தார் சொல்வது இதைத்தான். திறன் காரணி குறைந்த ஆலைகளுக்குத் தண்டக்கட்டணம் விதிப்பதும் இதனாலேயே.

வயற்காட்டு மோட்டார் கொட்டகைகளில் ஸ்டார்ட்டருக்கு அருகே சிறு கப்பாசிட்டர் மாட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் நோக்கமும் இந்தக் கணக்கிலேயே விளங்குகிறது. நம் சுற்றுக்கு இணையாக 62.5 ஓம் மறுப்புள்ள மின்தேக்கியை இணைப்போம். 230ஐ 62.5ஆல் வகுத்தால் 3.68. மின்தேக்கியில் ஓட்டம் முந்துவதால் இது + ஜே3.68. சுருளின் - ஜே3.68 இதனுடன் கூடிச் சுழியமாகிறது. மின்வாரியக் கம்பியில் இனி ஓடுவது 2.76 ஆம்பியர் மட்டுமே. நடக்கும் வேலை அதே 634.8 வாட். கம்பியில் வீணாகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 4.6 என்பது 2.76 ஆனதும் அவ்வெப்பம் நூற்றுக்கு 36 பங்காகக் குறைகிறது. சுருள் திருப்பித் தருவதை அடுத்த வீட்டு மின்தேக்கி வாங்கி வைத்துக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கல் கொட்டகைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

கர்டானோ பயனற்றதெனக் கண்ட எண், 348 ஆண்டுகள் கழித்து இந்த வேலைக்கு வந்து சேர்ந்தது.

7

இந்த வரலாற்றில் நம்மவர்க்கும் ஒரு மூலை உண்டு. 1902ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று அது. மின்னாக்கிகள் ஜெனரல் எலக்ட்ரிக் அனுப்பியவை. நொடிக்கு 25 ஆட்டம் என்ற வேகத்தில் அவை இயங்கின. இன்றைய ஐம்பதுக்குப் பாதி. சுருளின் மறுப்பு ஆட்டத்தின் வேகத்தோடு கூடும். ஆட்டத்தைக் குறைத்தால் நீண்ட கம்பியின் தளையும் தளரும் என்பதை அறிந்தால், அவ்வெண்ணிக்கையின் ஒரு பயன் விளங்கும். அந்த மின்சாரம் இயக்கிய எந்திரங்களுக்கருகே, நிலத்தின் ஆழத்தில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர்கள். தளை என்ற சொல்லின் இன்னொரு பொருள் அவர்களுக்குக் கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

மாணவர் அன்று கணக்கை முடித்து, விடையின்கீழ் இரட்டைக் கோடு இழுத்தார். பிறகு சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கற்பனைன்னு பேரு வைக்காம திரும்பும் எண்ணுன்னு வச்சிருந்தா எனக்கு அரியரே விழுந்திருக்காது."

நாம் மறுத்துப் பேசவில்லை. தெக்கார்த் சூட்டிய ஒரு பெயர் ஓர் எண்ணின் வாசலில் நூற்றாண்டுகளாகப் பூட்டுப் போட்டது. கேளாச் செவியுடன் அறைக்குள் அமர்ந்திருந்த ஒருவர் சூட்டிய பெயர் மற்றொரு வாசலைத் திறந்தது. பெயரிடுதலே தொழிலாகக் கொண்ட நாம், தமிழில் அறிவியலுக்குச் சொல் தரும்போது இதை மனத்திற்கொள்ள வேண்டும். மாணவர் கேட்கும் கேள்விக்கு அச்சொல்லுக்குள்ளேயே பாதி விடை இருக்க வேண்டும்.

நவம்பரில் அவருக்குத் தேர்வு. சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், கிழக்கும் வடக்கும் நினைவிருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினோம். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தற்குறிப்பேற்ற அணிக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தம் சொற்களில் சொன்னார். ஊஞ்சல் ஆடுவது, போன இடத்தில் எதையோ மறந்துவிட்டு எடுக்க வருவதனால்தானாம். சரியான விடை. முழு மதிப்பெண் இட்டோம்.